எந்தத் தேதியிலிருந்து?

திருச்சி வழக்கறிஞர் தொலைபேசியில் என்னிடம் முதலில் கேட்டது நாங்கள் ஏன் பிரிகிறோம் என்றல்ல. "எந்தத் தேதியிலேர்ந்து ரெண்டு பேரும் பிரிஞ்சு வாழ்றீங்க மேடம்? மனுவுல அதை எழுதணும்" என்றார். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை மணி. எங்களுக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டுகள் முடிந்திருந்தன. அவற்றுள் கடைசி ஐந்து ஆண்டுகள் என் கணவர் ஜெர்மனியிலும் நான் சிங்கப்பூரிலும் இருந்தோம். பிரிந்து வாழத் தொடங்கிய நாள் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். அன்று இரவு சாப்பிடத் தோன்றவில்லை.

ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கடினமாக இருக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன நாள் என்று ஒன்று இருக்கும். அது பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வாழ்க்கையில் பெட்டி கிளம்பிய நாள் 2018 ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. ஸ்டுட்கார்ட் நகரில் வேலையில் சேர அவர் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். ஊறுகாய்ப் பாட்டிலை இரண்டு பழைய பனியன்களில் சுற்றி நான்தான் பெட்டிக்குள் வைத்தேன். அவருடைய அம்மா, என் அத்தை, திருச்சியிலிருந்து வீடியோவில் திருநீற்றுத் தட்டைக் காட்டி ஆசி சொன்னார். ஒரு வருடத்தில் நானும் அங்கே போய்விடுவேன் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. இத்தனை பேர் வாழ்த்தி வழியனுப்பிய நாளைப் பிரிந்த நாள் என்று மனுவில் எப்படி எழுதுவது?

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 13பி என்னும் பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. இருவரும் மனமொத்துப் பிரிய வழி தருவது அதுதான். அந்தப் பிரிவு கேட்பவை சிலதான்: ஓராண்டோ அதற்கு மேலோ இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ இயலாத நிலை இருக்க வேண்டும், மணத்தை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்பியிருக்க வேண்டும். இதில் "பிரிந்து வாழ்தல்" என்பதற்கு 1991இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தை வழக்கறிஞர் மறுநாள் எனக்கு எடுத்துச் சொன்னார். இருப்பிடம் அதைத் தீர்மானிப்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதவர்கள் உண்டு; சூழ்நிலையால் வேறு வேறு வீடுகளில் இருந்தாலும் கணவன் மனைவியாகவே வாழ்கிறவர்களும் உண்டு. ஆகவே ஜெர்மனி விசா முத்திரையைக் காட்டித் தப்பிக்க முடியாது. மனத்தளவில் கணவன் மனைவியாக இருப்பதை எப்போது நிறுத்தினோம் என்பதை நாங்களே சொல்லியாக வேண்டும். சட்டப் புத்தகத்தில் இத்தனை அந்தரங்கமான கேள்வி இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

சென்னை வேளச்சேரியில் இரண்டு ஆண்டுகள், பிறகு சிங்கப்பூர் செங்காங் வட்டாரத்தில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள். நாங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்திய காலம் இவ்வளவுதான், அது நன்றாகவே இருந்தது. அவர் ஜெர்மனி போனபின் எனக்குப் பதவி உயர்வு வந்தது, அவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைத்தது. நான் போவது முதலில் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று, பிறகு மேலும் ஆறு மாதம். 2020 மார்ச் 23 நள்ளிரவோடு சிங்கப்பூர் குறுகிய கால வருகையாளர்களுக்குக் கதவடைத்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. தொற்றுக் காலம் எங்களைப் பிரித்தது என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்வது எளிது. அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதே காலத்தில் அதே தூரத்தில் இருந்து, எல்லை திறந்த வாரமே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தேதியைத் தேடத் தொடங்கியதும் முதலில் என் நினைவுக்கு வந்தது ஒரு கடிகாரம். சிங்கப்பூருக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நான் படுக்கப் போகும் நேரத்துக்கும் அவர் வேலை முடிக்கும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அன்றோடு இன்னும் நீளும். அதனால் முதல் மூன்று ஆண்டுகளும் அந்த ஞாயிறு வருவதற்கு முன்பே, புதிய அட்டவணை போல, எப்போது பேசுவது என்று இருவரும் முடிவுசெய்துகொள்வோம். 2021இல் அந்த மாற்றத்தை நான் கவனிக்கவில்லை. புதன்கிழமை அலுவலகத்தில் ஒருவர் ஐரோப்பியக் கூட்டத்தின் நேரம் மாறிவிட்டது என்று சொன்னபோதுதான் தெரிந்தது. ஞாயிறு முதல் நாங்கள் பேசவேயில்லை என்பதும், அது எனக்கு உறைக்கவில்லை என்பதும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தன.

அடுத்து நினைவுக்கு வந்தது ஒரு கடிதப்பெட்டி. ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசலில் வீட்டு எண்ணைக் காட்டிலும் குடியிருப்பவரின் பெயருக்குத்தான் மதிப்பு. அழைப்புமணியிலும் கடிதப்பெட்டியிலும் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால் திரும்பிப் போய்விடும். 2018இல் முதல் வீட்டுக்குக் குடிபோன வாரத்தில் அவர் எனக்கொரு புகைப்படம் அனுப்பினார். கடிதப்பெட்டியின் மேல் வெள்ளைச் சீட்டில் அவர் பெயரும், அதன் கீழ் என் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. "நீ வர்றதுக்கு முன்னாடியே உனக்கு விலாசம் ரெடி" என்று எழுதியிருந்தார். 2021இல் அவர் வேறு வீட்டுக்கு மாறினார். 2022 ஜூனில், இரண்டு வார விடுப்பில் நான் அங்கே போய் இறங்கியபோது, புதிய கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு கடிதப்பெட்டிகள் இருந்தன. அவருடையதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நிர்வாக அலுவலகம் அச்சடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார். என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவற்றை அவரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு மனுவுக்குத் தேதி வேண்டுமே என்று ஒரு சனிக்கிழமை அழைத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடைய தேதி அதற்கும் முந்தையது என்றார். 2021 மார்ச்சில் அவருடைய அப்பாவுக்கு, என் மாமாவுக்கு, நெஞ்சுவலி வந்து திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். செய்தி வந்தபோது ஸ்டுட்கார்ட்டில் நடுப்பகல். எனக்கு மாலை நேரம்தான், நான் விழித்துத்தான் இருந்தேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், மேலாளரிடம் சொல்லியிருக்கிறார், அன்று மாலை முடிவெட்டப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்ததாம். எனக்கு அதற்குள் அண்ணன் மூலம் தெரிந்துவிட்டது. ஆனால் நானும் அவரை அழைத்துக் கேட்கவில்லை. இதை அவர் சொல்லி முடித்தபோது இருவருமே அழுதுகொண்டிருந்தோம். மூன்று ஆண்டுகளில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் பேசிய முதல் உரையாடல், பிரிந்த தேதியை முடிவுசெய்வதற்காக நடந்தது.

இறுதியில் 2022 ஜூன் 19 என்று எழுதச் சொன்னோம். நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அது. கடைசியாக ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய நாள் என்பதால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மனுவின் வரைவு வந்தபோது, "கருத்து வேறுபாடு காரணமாக" என்று இருந்தது. எங்களுக்குள் கருத்து வேறுபாடு ஏதும் இருந்ததில்லை சார், அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுவது வழக்கம் மேடம் என்றார். விட்டுவிட்டேன், ஆனால் இன்றும் அந்த வரி எனக்கு உறுத்துகிறது. எங்களைப் பற்றி அரசாங்கப் பதிவேட்டில் நிலைத்திருக்கப்போகும் ஒரே காரணம் அது. அது எங்களுடையதாக இல்லை.

எந்த நாட்டில் மனுச் செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். இதே நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். எங்களுக்கு மூன்று வாசல்கள் இருந்தன. மனுச் செய்வதற்கு முன் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் வழக்கமாகக் குடியிருந்தவர் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தை நாடலாம். எனக்கு அந்தத் தகுதி இருந்தது. ஜெர்மனியிலும் அவர் மனுச் செய்திருக்கலாம். ஆனால் அங்கே மணவிலக்குக்கு ஒரு தரப்பாவது வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும். அதோடு, ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, எங்களைப் போல் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த நாட்டை விட்டு ஓராண்டுக்கு மேலாகி, இருவருக்கும் ஒரே குடியுரிமை இருந்தால், அந்தக் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத்தான் ஜெர்மன் நீதிமன்றம் கைக்கொள்ளும். ஆக, ஸ்டுட்கார்ட்டில் ஒரு நீதிபதி இந்து திருமணச் சட்டத்தை மொழிபெயர்ப்பில் படித்து எங்களுக்குத் தீர்ப்பு எழுதியிருப்பார்.

மூன்றாவது வாசல் திருச்சி. திருமணம் நடந்த இடத்தின் நீதிமன்றத்துக்கு எப்போதும் அதிகாரம் உண்டு என்பது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. எங்கள் திருமணம் உறையூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் திருச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் 1991இல் உச்ச நீதிமன்றம் தந்த மற்றொரு தீர்ப்பு. 1975இல் திருப்பதியில் மணம் செய்துகொண்ட ஒருவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்று மறுமணமும் செய்துகொண்டார். அந்த அயல்நாட்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தச் சட்டத்தின்படி மணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்பும் காரணத்தால் தீர்ப்பு அமைந்திருக்க வேண்டும். மறுதரப்பு தாமாக முன்வந்து வழக்கில் பங்கெடுத்திருக்க வேண்டும், அல்லது சம்மதித்திருக்க வேண்டும். கூரியரில் ஒரு காகிதம் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று ஒருதலையாக வாங்கிய தீர்ப்பு இங்கே நிற்காது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் தோழி ஒருவரின் தங்கைக்கு அமெரிக்காவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. வீட்டில் எவருக்கும் அது புரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்தக் கணவரின் வீட்டார் சொன்னதை நம்பி, ஆறு ஆண்டுகள் ஜீவனாம்சம்கூடக் கேட்காமல் பெற்றோர் வீட்டில் இருந்தார். இந்தியச் சட்டத்தின் பார்வையில் அத்தனை நாளும் அவர் அந்த மனிதரின் மனைவியாகவே இருந்திருக்கிறார். அப்படிக் காகிதம் வாங்கி வைத்திருக்கும் பெண் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கணவரின் விசாவைச் சார்ந்த அனுமதியில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மணவிலக்கோடு அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடலாம். எனக்குச் சொந்தமாக வேலை அனுமதி இருந்ததால்தான் இந்த ஒன்றரை ஆண்டையும் நிமிர்ந்து நின்று கடக்க முடிந்தது.

எல்லாம் சுமுகமாக முடிந்த எங்களுக்கே பெயர் ஒரு பெரிய தடையாக வந்தது. தமிழர்களுக்கு இனிஷியல் இருக்கிறது, உலகத்துக்குக் குடும்பப்பெயர் வேண்டும். என் ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயராக, திருமணப் பதிவுச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஜெர்மன் ஆவணங்களில் அதை அவர்கள் வேறு விதமாக நிரப்பிவிட்டார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைத்தான் குறிக்கின்றன என்று ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் நீதிமன்றத்தில் மனுவுக்கு எண் கிடைத்தது.

ஜனவரியில் நீதிமன்றத்தில் ஆஜராக அவரால் வர முடியாததால் மாமாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டு ஆவணங்களைச் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது, ஆனால் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால் அந்த இரு நாடுகளுக்கு இடையே அது செல்லாது. எனவே அவர் மியூனிக் சென்று இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற வேண்டியிருந்தது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாத விதி. எழுபத்து நான்கு வயதில், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாமா மூன்று முறை அலுவலகம் ஏறி இறங்கினார்.

மேடவாக்கத்தில் எங்கள் இருவர் பேரிலும் இருந்த வீட்டில் அவர் பங்குக்கு நான் பணம் கொடுத்து, என் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதாக முடிவாயிற்று. அதை மனுச் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று வழக்கறிஞர் அவசரப்படுத்தினார். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு; தீர்ப்பு வந்துவிட்டால் நாங்கள் குடும்பத்தார் அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் மகனுக்காக மாமா கைரேகை வைத்தபோது அதிகாரி, "கொடுக்கிறவர் வாங்குறவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "வீட்டுக்காரர்" என்று மாமா சொன்னதாக அண்ணன் பிறகு என்னிடம் சொன்னான்.

2024 ஜனவரியில் நான் நேரில் ஆஜராகத் திருச்சிக்கு வந்தேன். சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம் நான்கு மணி நேரந்தான். தீர்ப்பு வரும்வரை கழற்றாதே என்று அம்மா கெஞ்சிக் கேட்டதால் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டுதான் போனேன். நீதிமன்றத் தாழ்வாரத்தில் மாமா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் வாழ்நாளில் அவர் எனக்காக எழுந்து நின்றதில்லை, அவர் அப்படி நின்றதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "உக்காருங்க மாமா" என்றேன். அப்படி அழைக்கலாமா என்ற தயக்கம் சொன்ன பிறகுதான் வந்தது.

அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. மனுவோடு தாக்கல் செய்ய அசல் அழைப்பிதழும் திருமணப் புகைப்படமும் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார். அவை எங்கள் திருமணத் தாம்பூலப் பை ஒன்றில்தான் அவர்கள் வீட்டுப் பீரோவில் பத்து ஆண்டாக இருந்திருக்கின்றன. பையோடு எடுத்து வந்துவிட்டார். ஒரு பக்கம் குத்துவிளக்குப் படமும் எங்கள் இருவர் பெயரும் நாளும் சிவப்பு எழுத்தில். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பையைத் திருப்பி, எழுத்துள்ள பக்கத்தை வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து எடுத்த அழைப்பிதழின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறியிருந்தது. சற்று நேரத்தில் நீதிமன்ற எழுத்தர் அதன் மேல் மனுதாரர் தரப்புச் சான்றாவணம் ஒன்று என்று முத்திரையிட்டு எண் எழுதினார்.

பத்தரை மணி என்று போட்டிருந்தாலும், எங்கள் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) எண்ணைக் கூப்பிட்டபோது பதினொன்று நாற்பது. நானும் மாமாவும் சேர்ந்து முன்னே போய் நின்றோம். சுவரிலிருந்த திரையில் அவர் தெரிந்தார். பின்னால் சன்னல் இருட்டாக இருந்தது. நீதிபதி அம்மையார் முதலில், "அங்கே மணி என்ன?" என்று கேட்டார். "காலை ஏழு பத்து, அம்மா" என்றார் அவர். யாரேனும் வற்புறுத்தினார்களா, சொந்த விருப்பத்தில்தானா, எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டதை அவரிடமும் கேட்டார். இருவரும் 2022 ஜூன் 19 என்றோம். அடுத்து, "சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?" என்றார்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இணைப்பில் கோளாறு என்று எண்ணி எழுத்தர் எழுந்து ஒயரை அசைத்துப் பார்த்தார். ஐந்து ஆண்டுகள் அந்த மனிதரோடு திரை வழியாகவே வாழ்ந்தவள் நான். இணையம் தாமதிப்பது எவ்வளவு நேரம், அவர் தயங்குவது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அது இணையத் தாமதம் இல்லை. "இல்லை, அம்மா" என்று அவர் சொன்னபோது குரல் தெளிவாகத்தான் வந்தது.

முதல் மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு அதற்கான தகுதியும் இருந்தது. மாமாதான் வேண்டாம் என்றார். "ஆறு மாசம் இருந்துட்டுப் போகட்டும்மா. சட்டத்துல குடுத்திருக்காங்கல்ல." எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆறு மாதங்களில் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை இருவரும் பேசினோம். வீட்டு வரி, வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. நியமனதாரர் என்று தொடங்கும் பேச்சு சில நாள் ஒரு மணி நேரம் நீண்டது. ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி அவருக்கு வந்திருந்தது, அதையும் தள்ளிவைத்திருந்தார். தீர்ப்பு வரும் நாளில் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருந்தால், இந்திய நீதிமன்றத் தீர்ப்பை ஜெர்மனியில் தனியாக அங்கீகரிக்க வைக்கும் நடைமுறை தேவைப்படாது. சிக்கல் அவருடையதாக இருந்தாலும் இழுபட்டிருந்தால் நானும் இழுபட்டிருப்பேன் என்பதால் அப்படிச் செய்தார். நல்லவர். அவரை நல்லவர் என்று சொன்னால், பிறகு ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஆகஸ்டில் இரண்டாம் முறை அழைத்தபோது அவர் விடுப்பில் திருச்சி வந்திருந்தார். என்னால் நகர முடியவில்லை. இம்முறை அவர் மாமாவோடு நீதிமன்றத்தில் நின்றார். நான் அலுவலகத்தின் சின்னக் கூட்ட அறையில், கதவில் தாளிட்டுக்கொண்டு, மடிக்கணினித் திரையில் இருந்தேன். வழக்குத் தொடங்கியதிலிருந்து முடிந்ததுவரை நாங்கள் இருவரும் ஒரே அறையில் ஒரு முறைகூட இருக்கவில்லை. நீதிபதி சம்மதத்தை மீண்டும் கேட்டுப் பதிந்துகொண்டு, மனு அனுமதிக்கப்படுகிறது என்றார். ஏழு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது. திரையில் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிடும் குரல் கேட்டது. எப்படித் துண்டிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்துதான் தாலிக்கொடியைக் கழற்றினேன்.

சான்றிட்ட நகல் கைக்கு வந்தபின் காகித வேலை மறுபடியும் தொடங்கியது. இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சாகியிருக்கும். அதை நீக்கப் புதிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். வங்கியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயர் தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் நாமே மாற்ற வேண்டும். சிங்கப்பூரில் மத்திய சேமநிதிக்குச் செய்த நியமனம் திருமணத்தால் ரத்தாகும், மணவிலக்கால் ஆகாது. புதிய பாஸ்போர்ட் வந்த அன்று முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பிரித்துப் பார்த்தேன்.

மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழிந்ததும், தாக்கல் செய்த அசல் ஆவணங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், யாரிடம் கொடுக்கட்டும் என்று வழக்கறிஞர் எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் எழுதினார். நான் பதில் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கைப்பேசியில் "மாமா" என்றே இன்னும் இருக்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கோர்ட்டுலேர்ந்து பத்திரிகையையும் போட்டோவையும் வாங்கிட்டு வந்துட்டேம்மா. பத்திரிகையில நம்பர் போட்டு சீல் அடிச்சுட்டாங்க, அழிக்க முடியல."

"பரவாயில்ல மாமா."

"உனக்கு அனுப்பட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?"

"அந்தப் பையிலயே வெச்சிருங்க மாமா" என்றேன்.